வெண்மைக்கு ஓர் உரைகல்

நண்பகல் வெயிலில் உலரும் வெள்ளை வேட்டி வெள்ளையாகவே தோன்றுகிறது. இரவில் மஞ்சள் விளக்கின் கீழ் மடித்து வைக்கும்போதும் அது வெள்ளையாகவே தோன்றுகிறது. ஆனால் இரு வேளைகளிலும் காமிராவின் அமைப்பை மாற்றாமல் படமெடுத்தால், பகற் படத்தில் வெண்மையாக இருக்கும் வேட்டி இரவுப் படத்தில் செம்மஞ்சளாகிவிடும். பொய் சொன்னது கண்ணா, காமிராவா?

காமிரா தன்மீது விழுந்த ஒளியை அப்படியே பதிவு செய்தது. கண்தான் கணக்கைத் திருத்திக்கொண்டது.

கண்ணின் இயல்பு

விளக்கொளியில் சிவப்புக் கூறு மிகுதி. நீலக் கூறு குறைவு. அவ்வொளியில் சற்று நேரம் இருந்ததும், கண்ணில் சிவப்பை உணரும் திறன் தணிகிறது. நீலத்தை உணரும் திறன் ஒப்பளவில் உயர்கிறது. மூளையும் சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டு, "இது வெள்ளைப் பொருள்" எனத் தீர்ப்பளிக்கிறது. செர்மானிய அறிஞர் யோகான்னஸ் ஃபான் கிரீஸ், கண்ணின் மூவகை நிறவுணர்வுகளும் தனித்தனியே ஏறி இறங்குவதாகக் கொண்டு 1902-ஆம் ஆண்டில் இதனை விளக்கினார். இன்றைய காமிராவின் திருத்தமும் அவ்வழிப்பட்டதே.

ஒளியின் நிறவெப்பநிலை

கொல்லன் உலையில் இரும்பு முதலில் செந்நிறமாகவும், மேலும் காய்ச்ச மஞ்சளாகவும், பின் வெண்மையாகவும் ஒளிர்வதைக் காணலாம். இவ்வியல்பை ஒட்டியே ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் அளவால் குறிப்பர். மெழுகுவத்தியின் ஒளி ஏறத்தாழ 1,900 கெல்வின். இழைக் குமிழ் விளக்கு 2,800. நண்பகல் வெயில் 5,500. மேகம் மூடிய வானம் 6,500. எண் ஏற ஏற ஒளியில் நீலம் மிகும்.

பிலிம் சுருள் காலத்தில் பகலொளிக்கு ஒரு சுருளும் விளக்கொளிக்கு வேறொரு சுருளும் விற்கப்பட்டன. மாற்றிப் பயன்படுத்த நேர்ந்தால், நீல அல்லது செம்மஞ்சள் கண்ணாடியை வில்லையின் முன் பொருத்தினர். டிஜிட்டல் காமிராவில் அவ்வேலையைக் கணக்கே செய்துவிடுகிறது. இதற்கு வெண்சமநிலை என்று பெயர்.

தானியங்கி தவறும் இடம்

தானியங்கி முறை, படத்திலுள்ள நிறங்களைக் கொண்டு ஒளியின் நிறத்தை ஊகிக்கிறது. மணமகளின் செந்நிறக் கூறைப்புடவை படத்தை நிறைத்தால், ஒளியே சிவப்பென மயங்கி, அது சிவப்பைக் குறைத்துவிடக்கூடும். புடவை மங்கும், முகம் வெளிறும். தாலி கட்டும் கணமோ மீண்டும் வருவதில்லை!

இதற்கு மருந்து, வெண்மை எதுவெனக் காமிராவுக்கு நேரே காட்டிவிடுவதுதான். படமெடுக்கும் இடத்தில், அதே ஒளியில், நடுநிலையான சாம்பல் நிற அட்டையைப் பிடித்து, அது சட்டத்தை நிறைக்கும்படி ஒரு படம் எடுக்க வேண்டும். அதனைச் சான்றாகக் கொள்ளுமாறு காமிராவைப் பணித்தால், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அவ்வட்டையில் சமமாகும்படி அது கணக்கைத் திருத்திக்கொள்ளும். பொன்னுக்கு உரைகல் போன்றது இவ்வட்டை. எழுதும் தாள் இதற்கு ஏற்றதன்று. பளிச்சிடுவதற்காக அதில் சேர்க்கப்படும் வேதிப்பொருள் புறஊதாக் கதிரை நீலமாக மாற்றி வீசும். மிகை வெளிச்சத்தில் அட்டை வெளுத்துப் போனாலும் பயனில்லை. மூன்று நிறங்களும் உச்சத்தை எட்டி நிற்பதால் அவற்றின் வேறுபாடு தெரியாது.

ஒளி மாறினால்?

ஓர் ஒளியில் பெற்ற சான்று அவ்வொளிக்கு மட்டுமே செல்லும். மேகம் கதிரவனை மறைத்தாலும், மணமக்கள் வாயிலைக் கடந்து மேடைக்கு வந்தாலும், அட்டையை மீண்டும் காட்ட வேண்டும். அமைப்பை மாற்ற நேரமில்லாதவர், படங்களை 'ரா' கோப்பாகப் பதிவு செய்து, ஒளி மாறும்போதெல்லாம் அட்டையையும் ஒருமுறை படமெடுத்து வைத்தால், பின்னர் திருத்திக்கொள்ளலாம். சாளர ஒளி ஒருபுறமும் விளக்கொளி மறுபுறமும் விழுமானால், ஒரே திருத்தம் இரண்டுக்கும் பொருந்தாது. விளக்கை அணைப்பதோ சாளரத்தை மறைப்பதோ நன்று.

செவ்வாய் தந்த பாடம்

இதில் அறிவியலாளரும் தவறியதுண்டு. 1976 ஜூலை 20-ஆம் நாள் அமெரிக்காவின் வைக்கிங் 1 செவ்வாய்க் கோளில் இறங்கியது. மறுநாள் அது எடுத்த முதல் வண்ணப்படத்தில், அங்குள்ள வானம் முதலில் பூமியின் வானத்தைப் போல வெளிர்நீலமாகக் காட்டப்பட்டது. நிறக் கணக்கைச் சரிபார்த்த பின்னரே, தூசி நிறைந்த அவ்வானம் இளஞ்சிவப்பு கலந்த மஞ்சள் எனத் தெரிந்தது. கண்டு பழகிய நிறம் காணாத நிறத்தை மறைத்துவிட்டது. 2012-இல் அங்கு இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, தன் காமிராக்களுக்கென ஒரு நிற அட்டையைச் சுமந்து சென்றது. அதன் படங்கள் இரு வகையாக வெளியிடப்படுகின்றன: செவ்வாயின் ஒளியில் தோன்றுமாறு ஒன்று, பாறைகளை அடையாளம் காண்பதற்காக, பூமியின் பகலொளியில் தோன்றுமாறு மற்றொன்று.

இல்லத்துப் படத்துக்கும் இதே நெறிதான். புடவையின் நிறமும் முகத்தின் நிறமும் வேண்டுமானால் அட்டையைக் காட்டித் திருத்த வேண்டும். அந்தியின் செம்மையே வேண்டுமானால், அதனை வெளுக்கச் செய்யாமல் பகலொளி அமைப்பிலேயே விட்டுவிட வேண்டும். பொருளின் நிறம் வேண்டுமா, பொழுதின் நிறம் வேண்டுமா என்பதைக் காமிரா அறியாது. படமெடுப்பவரே முன்னதாகத் தீர்மானிக்க வேண்டும்.