ஒரு பாகமும் ஒரு முழமும்

குளிர்க்கடல் குறிப்புகள் – 7

அப்பப்பா கயிறு அளப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக் கயிற்றை நெஞ்சோடு இழுத்துப் பிடிப்பார். அது ஒரு பாகம். மடித்துப் போட்டுவிட்டு மறுபடி விரிப்பார், இரண்டு பாகம். கடலின் ஆழமும் அவருக்குப் பாகக் கணக்குத்தான். வீட்டில் அளவுநாடா இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. கோயில் வாசலில் பூ வாங்கும்போது மட்டும் அப்பம்மா, "உவளுக்குக் கை கட்டை, முழம் போட்டால் அரைச் சாண் குறையும்" என்று முணுமுணுப்பா.

முப்பது வருஷம் கழித்து, பேர்கனுக்கு வெளியே ஒரு படகுக் கொட்டிலில், அறுபது வயதைத் தாண்டிய ஒரு நோர்வேக்காரப் பெண்மணி என்னைக் கை விரித்து நிற்கச் சொன்னார். நடுவிரலிலிருந்து நடுவிரல்வரை ஒரு கயிற்றைப் பிடித்தார். பிறகு கையை மடக்கச் சொல்லி, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அதே கயிற்றில் சேர்த்து முடிச்சுப் போட்டார். "இதுதான் உன் துடுப்பின் நீளம்" என்றார். ஒரு பாகமும் ஒரு முழமும். கிறீன்லாந்தின் கடல்நாய் வேட்டைக்காரர்கள் துடுப்பு அளந்த முறை அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறேன் என்று அவருக்கு விளக்க அரை மணித்தியாலம் பிடித்தது.

அந்தக் கொட்டிலுக்கு நான் போனதே ஒரு தோல்விக்குப் பிறகுதான். சென்ற வாரம் படகு வாங்கிய கதையை எழுதியிருந்தேன். மூன்று மாதம் அலைந்து திரிந்து கயாக்கைத் தெரிந்தெடுத்தவன், துடுப்புக்கு ஒதுக்கியது மூன்று நிமிடம். கையில் மிச்சமிருந்த காசுக்குக் கடைக்காரர் எடுத்துத் தந்தது 240 சென்ரிமீற்றர் நீளத்தில் அலுமினியத் தண்டும், சோற்றுச் சட்டி மூடி அகலத்துக்குப் பிளாஸ்ரிக் இலையுமாக ஒன்று. அலகு பெரிதென்றால் வேகம் வரும் என்று நானும் நம்பினேன். முதல் ஞாயிறு பதினைந்து கிலோமீற்றர் போய்த் திரும்பினேன். திங்கட்கிழமை தேநீர்க் கோப்பையை இடது கையால்தான் தூக்க முடிந்தது.

கணக்கைப் பாருங்கள். அலுமினியத் தண்டும் பிளாஸ்ரிக் அலகும் சேர்ந்தால் ஒரு கிலோவுக்கு மேலே போகும். காபன் நாரில் செய்த நல்ல துடுப்பு 700 கிராம் அளவில் நிற்கும். வித்தியாசம் 300 கிராம். ஒரு கைப்பிடி அரிசி கூடுதலாகத் தூக்குவதுபோல என்று கடையில் தோன்றும். ஆனால் அவசரமில்லாமல் போகிறவர்கூட நிமிடத்துக்கு ஐம்பது தடவை வலிப்பார். மணிக்கு மூவாயிரம். ஐந்து மணித்தியாலம் கடலில் இருந்தால் பதினைந்தாயிரம் தடவை அந்த 300 கிராம் நெஞ்சுக்கு முன்னால் ஆடி இறங்குகிறது. பெருக்கினால் நாலரைத் தொன். கடையில் கையில் பிடித்துப் பார்க்கிற மூன்று நிமிடத்தில் இது தெரியாது. காசு மட்டாக இருந்தால் படகில் குறையுங்கள், துடுப்பில் குறைக்காதீர்கள் என்று நான் இப்போது வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லுகிறேன். யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டிருக்கமாட்டேன்.

அலகின் பருமன் சைக்கிள் கியர் மாதிரி. பெரிய அலகு கனத்த கியர்: ஒவ்வொரு மிதிக்கும் நிறையத் தூரம், ஆனால் ஏற்றத்தில் முழங்கால் போய்விடும். கடல் கயாக் துடுப்புகளில் அலகின் பரப்பு ஏறத்தாழ 600 சதுர சென்ரிமீற்றரிலிருந்து 700க்கு மேல்வரை வரும். நாள் முழுக்கப் போகிறவருக்குச் சின்னதே போதும். தண்டு ஏறக்குறைய நெட்டுக்குத்தாக நிற்கும்படி வேகமாக வலிப்பவர் 205இலிருந்து 215 சென்ரிமீற்றர்வரை எடுப்பார். தண்டைத் தாழ்த்தி ஆறுதலாக வலிப்பவருக்கு 220, 230 வேண்டும். பிடிக்கவேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்க அளவுகோல் தேவையில்லை: துடுப்பை உச்சந்தலையில் குறுக்கே வைத்துப் பிடியுங்கள், இரண்டு முழங்கைகளும் செங்கோணத்தில் மடங்கினால் கை சரியான இடத்தில் இருக்கிறது.

கடைத் துடுப்புகளில் இன்னொரு விசேஷம், இரண்டு அலகுகளையும் ஒன்றுக்கொன்று திருகி வைக்கலாம். எதிர்காற்றில், மேலே தூக்கிய அலகு காற்றை வெட்டிப்போகட்டும் என்று செய்த ஏற்பாடு. ஒரு காலத்தில் 80, 90 பாகை திருகி வைத்தார்கள். ஒவ்வொரு வலிப்புக்கும் ஒரு மணிக்கட்டைப் பின்னால் மடக்கவேண்டியிருந்தது, தசைநாண் வீங்கிப் பலர் அவதிப்பட்டார்கள். இப்போது 30, 45 பாகையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் சுழியத்தில் வைத்திருந்தேன். காரணம் தத்துவம் ஒன்றுமில்லை, சோம்பல்தான்.

கிறீன்லாந்துத் துடுப்பில் இந்தப் பிரச்சினையே இல்லை. முதலில் பார்த்தபோது அதைத் துடுப்பென்று என்னால் ஏற்கமுடியவில்லை. கூரைச் சலாகையை இரண்டு பக்கமும் சீவியதுபோல இருந்தது. அலகின் அகலம் எட்டு, ஒன்பது சென்ரிமீற்றர்தான். அந்த அளவும் கையிலிருந்தே வருகிறது: பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்தால் அலகின் விளிம்புகள் அந்த வளைவுக்குள் அடங்கவேண்டும். மரமே வளராத தேசத்தில் மரத் துடுப்பு செய்தவர்கள் அவர்கள். சைபீரியாவின் ஆறுகள் கடலில் தள்ளிய மரங்கள் பனிக்கட்டியோடு சேர்ந்து ஆர்க்டிக் நீரோட்டத்தில் வருஷக்கணக்காக மிதந்து கிறீன்லாந்துக் கரையில் ஒதுங்கும். அதில் கிடைத்ததைச் சீவி, நுனியும் விளிம்பும் பனிக்கட்டியில் அடிபட்டுப் பிளக்காமல் எலும்புத் தகடு பதித்தார்கள். மெல்லிய அலகுக்கு மரம் மட்டு என்பது மட்டும் காரணமாக இருக்கமுடியாது. அலகு ஒடுங்கினதென்றாலும் நீளமானது, ஆகவே தண்ணீரைப் பிடிக்கிற பரப்பு நினைப்பதைவிடக் கூட. காற்றுக்கு அது அகப்படாது. சத்தமும் எழும்பாது; கடல்நாய்க்குக் காது கூர்மை.

முதல் பத்து நிமிடம் அது என் கையில் பாம்புபோல நெளிந்தது. பெண்மணி கரையிலிருந்து கத்தினார்: மேல் விளிம்பைக் கொஞ்சம் முன்னுக்குச் சாய்! சாய்த்தேன். நெளிவு நின்றது. அலகு தானாகவே தண்ணீருக்குள் இறங்கிப் பிடித்துக்கொண்டது. தோளால் இழுக்காதே, வயிற்றைத் திருப்பு என்றும் கத்தினார். அதற்கு மட்டும் இரண்டு கோடை தேவைப்பட்டது.

சென்னைப் பக்கத்துப் பழைய கட்டுமரக்காரர்கள் பிளந்த மூங்கிலையே துடுப்பாகப் பிடித்து, முழங்காலில் இருந்து இரண்டு பக்கமும் மாறி மாறி வலித்தார்கள். படகு வேறு, கடல் வேறு. ஆனாலும் ஒடுங்கிய அலகைப் பார்த்து நான் இளக்காரமாகச் சிரித்தபோது அது ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

துடுப்பு போவதற்கு மட்டுமில்லை, கவிழ்ந்தால் எழும்புவதற்கும். வேட்டைக்காரர் கடல்நாய்த் தோலில் தைத்த துயிலிக் என்ற மேலங்கியைப் போட்டு, அதன் கீழ்விளிம்பைப் படகின் வாயோடு இறுக்கிக் கட்டுவார். படகும் ஆளும் ஒரே உடம்பு. கவிழ்ந்தபின் வெளியே வந்தால் உறைகுளிர்த் தண்ணீரில் சில நிமிடங்களிலேயே கைகால் செயலிழந்துவிடும், ஆகவே உள்ளே இருந்தபடி உருண்டு எழும்பியே ஆகவேண்டும். துடுப்பு கைதவறினால் எறிஈட்டியை வீசுகிற நொர்சாக் என்ற சின்னப் பலகையாலும், அதுவும் போனால் வெறுங்கையாலும் எழும்பப் பழகினார்கள். ஐரோப்பியர்களில் இதை முதலில் கற்றவராகச் சொல்லப்படுபவர் ஒஸ்ரியாவின் ஹான்ஸ் பவ்லாட்டா, 1927இல். 1930இல் கிழக்குக் கிறீன்லாந்துக்குப் பயணக்குழுவோடு போன ஆங்கிலேயர் ஜினோ வொட்கின்ஸ் அங்குள்ளவர்களிடமே பழகித் தேர்ந்தார். 1932 ஆகஸ்டில், அங்கேயே, தனியாக வேட்டைக்குப் போனவரின் கயாக் வெறுமையாக மிதந்தது. அவர் உடல் கிடைக்கவில்லை. வயது 25.

அதனால் துணைச் சாமான்களைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன். இடுப்பில் மாட்டி வாயை மூடுகிற பாவாடையின் முன்பக்கத்தில் ஒரு நாடா வளையம் இருக்கும். கவிழும்போது அதை இழுத்தால்தான் வெளியே வரலாம். மூடியபின் அந்த வளையம் வெளியே தொங்குகிறதா என்று கையால் தடவிப் பார்க்காமல் கரையைவிட்டு ஒரு அடியும் போகக்கூடாது. உள்ளே மாட்டிக்கொண்ட வளையத்தைத் தண்ணீருக்குள் தலைகீழாகத் தேடிய அனுபவம் எனக்கு ஒருமுறை உண்டு. நாலு விநாடி இருக்கும். லைஃப் ஜாக்கெட் இருக்கைக்குப் பின்னால் செருகி வைக்கிற பொருள் அல்ல. உடுப்பு வெயிலுக்கு ஏற்றபடி இல்லை, தண்ணீருக்கு ஏற்றபடி: மே மாதத்தில் இங்கே கரையில் கோடை மாதிரி இருக்கும், கடல் 10 பாகையில் கிடக்கும். விழுந்தவுடன் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும், அந்த நேரம் வாய் தண்ணீருக்கு மேலே இருக்கவேண்டும்.

உருளத் தெரியாதவருக்குத் துடுப்பு மிதவை. காற்றடைத்த பையை ஒரு அலகில் மாட்டி, மறு நுனியைப் படகின் மேலுள்ள ரப்பர்ப் பட்டிக்குள் செருகினால், துடுப்பு பக்கத்துக்கு நீட்டி நிற்கும். படகு ஆடாது, குப்புறப் படுத்தபடி ஏறலாம். சிங்கள மீனவரின் ஓரு வள்ளத்தில் பக்கத்தே மிதக்கும் கட்டை செய்வதும் இதே வேலைதான். 1956இல் மடிப்புப் படகொன்றில் தனியாக அத்திலாந்திக்கைக் கடந்த ஜேர்மன் வைத்தியர் ஹனஸ் லிண்டெமன், கார் ரியூப் துண்டைத் துடுப்பில் கட்டித் தன் படகுக்குப் பக்கமிதவை செய்துகொண்டார். 72 நாள் கடலில் இருந்தவர் யோசிக்கத்தான் செய்வார். (டொனாவ் ஆற்றில் 1932இல் இறங்கி, இலங்கையையும் தொட்டு, 1939இல் அவுஸ்திரேலியாவின் விளிம்புத் தீவை அடைந்த இன்னொரு ஜேர்மனியர் ஒஸ்கார் ஸ்பெக். அவருக்கு ஒரு வாரம் தனியாக வேண்டும்.)

ஏறியபின் உள்ளே நிற்கிற தண்ணீரை இறைக்கக் கைப்பம்பி. கடைசியாக, மாற்றுத் துடுப்பு. இரண்டாகக் கழற்றிய ஒன்றை மேல்தளத்தில், இருந்த இடத்திலிருந்து கை எட்டும்படி செருகி வையுங்கள். உள்ளறையில் பூட்டி வைத்தவர் நடுக்கடலில் அதை எப்படி எடுப்பார் என்று எனக்கு விளங்கவில்லை. துடுப்பைப் படகோடு கயிற்றால் கட்டலாமா என்பது கொட்டிலில் முடியாத வழக்கு. தனியே போனால் கட்டுவேன். அலை உடைகிற கரையில் அவிழ்ப்பேன், அங்கே கயிறு கழுத்தைத் தேடும்.

பெண்மணி போட்டுத் தந்த முடிச்சுக் கயிற்றை அந்த மாரிகாலம் முழுக்கச் சுவரில் தொங்கவிட்டிருந்தேன். தை மாதம் மரக்கடையில் போய், கணு இல்லாத, ரேகை நேராக ஓடுகிற பைன் சட்டமொன்றைத் தேடி எடுத்தேன். நாற்பது சட்டத்தைப் புரட்டியிருப்பேன். கடைப் பையன் பொறுமையாக நின்றான். கார் கொட்டிலில் சீவுளியோடு ஐந்து சனிக்கிழமை. சீவுவதும், கண்ணை மூடிக் கையால் தடவுவதும், மேட்டைச் சீவுவதும். மெல்லிய விளிம்பு வந்தபின் ஆளிவிதை எண்ணெய் மூன்று பூச்சு. 219 சென்ரிமீற்றர். நிறுத்துப் பார்த்தேன், 940 கிராம். காபனைவிடக் கனம்தான், மறுக்கவில்லை. ஆனால் கனம் நடுவில் இருக்கிறது, நுனியில் இல்லை. நாள் முழுக்க வலித்தாலும் திங்கட்கிழமை தேநீரை வலது கையால் குடிக்கிறேன்.

மகளுக்கும் ஒன்று செய்தேன், போன வருஷம். அவளுக்கு அப்போது பதினொரு வயது. பழைய கயிற்றில் அவளின் பாகத்துக்கும் முழத்துக்கும் சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டோம். இந்தக் கிழமை பனி கரைந்ததும் துடுப்பை எடுத்துத் துடைத்தாள். கையை விரி பார்ப்போம் என்றேன். நாலு விரல்கடை கூடியிருந்தது. மரக்கடைக்கு மறுபடி போகவேண்டும்.

(தொடரும்)