இன்டர்நெட் வரவில்லையா? முதலில் வயரைப் பாருங்கள்



கணினி நிலையத்தில் இன்டர்நெட் நின்றால் உடனே "மெஷின் பழுது" என்று டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். ஆட்டோக் காசு, ரிப்பெயர் காசு எல்லாம் செலவு. பிள்ளைகளின் பாடமும் ஒரு கிழமை பிந்திப் போகும். ஆனால் பல தடவை குற்றம் மெஷினில் இல்லை, வயரில்தான். அதை நாமே கண்டுபிடிக்கலாம்.

1. லைட்டைப் பாருங்கள். வயர் குத்தும் இடத்தில் சின்ன லைட் எரிய வேண்டும். கணினிகளை ஒன்றாக இணைக்கும் பெட்டியிலும் அப்படியே. எரியாவிட்டால், முதலில் பெட்டிக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்க.

2. வயரின் இரண்டு முனையையும் கழற்றி, "டக்" என்று சத்தம் கேட்கும்வரை குத்துங்கள். பிளக்கின் கிளிப் உடைந்திருந்தால் வயர் தானாகவே நழுவும். புதுப் பிளக் போட வேண்டும்.

3. பக்கத்து மெஷினில் வேலை செய்யும் வயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். சரிவந்தால் பழைய வயர்தான் பழுது. சரிவராவிட்டால் பெட்டியில் வேறு துளையில் குத்துங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் குற்றம் எதிலென்று தெரியாது.

4. வயருக்குள் 8 கம்பிகள், 4 சோடிகளாக முறுக்கி இருக்கும். புதுப் பிளக் போடும்போது இரண்டு முனையிலும் நிற வரிசை ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கம்பி அறுந்தாலும் சில வேளை வேலை செய்யும், ஆனால் வேகம் குறையும். எலி கடித்த இடம், கதவில் நசுங்கிய இடம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்க.

5. ஒரே வயரை 100 மீற்றருக்கு மேல் இழுக்கக்கூடாது.

6. லைட் எரிந்து, வயரை மாற்றியும் வரவில்லையா? எல்லா மெஷினிலும் இல்லையென்றால் ரவுட்டரிலோ வெளி லைனிலோதான் கோளாறு. அப்போது கம்பெனிக்கு அறிவியுங்கள்.

முக்கியமாக ஒன்று. சித்திரை, ஐப்பசி மாதங்களில் பின்னேரம் இடி மின்னல் அதிகம். வானம் கறுக்கும்போதே கரண்ட் பிளக்கையும் இந்த வயரையும் கழற்றி விடுங்கள். இடி தொடங்கிய பிறகு கை வைக்காதீர்கள். மெஷின் போனால் வாங்கலாம், உயிர் போனால் வராது.

பெட்டிகளைத் திறப்பதும் கரண்ட் வயரைத் தொடுவதும் நம்ம வேலையில்லை. அதற்குத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். இந்தப் பக்கத்தை வெட்டி நிலையத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள், பிள்ளைகளுக்கு உதவும்.