ஆறாத கால் புண்ணும் குடல் நோயும்

தில்லியில் தோல் மருத்துவனாக இருக்கும் என்னிடம், தமிழில் பேச ஓர் ஆள் கிடைத்தாரே என்று நம்மவர்கள் மனம் திறந்து சொல்லும் விஷயங்களே பல சமயம் நோயைக் காட்டிக் கொடுத்திருக்கின்றன.

ஆறாத கால் புண்ணோடு ஓர் அம்மா வந்தார். "கொசு கடிச்ச மாதிரிதான் ஆரம்பிச்சுது டாக்டர். ரெண்டு தடவை வெட்டிச் சுத்தம் பண்ணாங்க. ஒவ்வொரு தடவையும் பெரிசாத்தான் ஆச்சு" என்றார். சர்க்கரை நோய் இல்லை. புண்ணின் விளிம்பு ஊதா நிறம். தாங்க முடியாத வலி.

"வயிறு எப்படிம்மா இருக்கு?" என்றேன். தயங்கியபடி, பல மாதமாக மலத்தில் ரத்தமும் சளியும் போவதைச் சொன்னார். "இதையெல்லாம் இந்தியில எப்படிச் சொல்றது? கூச்சமா இருந்துது. காலுக்கும் வயித்துக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் உண்டு. இப்புண்ணுக்கு 'பயோடெர்மா கேங்ரினோசம்' என்று பெயர். 1930-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் விவரித்தது. பெயர்தான் சீழ், அழுகல் என்று பயமுறுத்துகிறது. உண்மையில் இது கிருமியால் வருவதல்ல, ஒட்டுவதுமில்லை. நம்மைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே தோலைத் தாக்குகின்றன. ஏறத்தாழப் பாதி நோயாளிகளுக்கு வேறோர் உள்நோயும் இருக்கும். அவற்றுள் முக்கியமானவை அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், குரோன்ஸ் என்னும் குடல் அழற்சி நோய்கள். காயம் பட்டால் இப்புண் விரியும். வெட்ட வெட்ட வளர்ந்ததன் காரணம் இதுவே.

இதை உறுதி செய்யத் தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. விளிம்பிலிருந்து சிறு துணுக்கு எடுத்து, காசநோய், புற்றுநோய் போன்றவை இல்லையென்று பார்க்க வேண்டும்.

சிறு புண்ணுக்கு ஸ்டீராய்டு அல்லது டாக்ரோலிமஸ் களிம்பு போதலாம். பெரிதானால் பிரெட்னிசோலோன் அல்லது சைக்ளோஸ்போரின். 2015-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் இரண்டும் சமமாகவே பலன் தந்தன. ஆறு மாதத்தில் இரு பிரிவிலும் 47 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது. ஆகவே பொறுமை தேவை. இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி, 2006 ஆய்வில் இரண்டே வாரத்தில் 46 சதவீதம் பேருக்கு முன்னேற்றம் தந்தது. வெறும் ஊசி பெற்றவர்களில் 6 சதவீதம்தான். ஆனால் உறங்கிக் கிடக்கும் காசநோயை அது எழுப்பிவிடலாம். முதலில் அதற்கான சோதனை அவசியம்.

அந்த அம்மாவுக்குக் குடல் உள்நோக்கிப் பரிசோதனையில் கொலைட்டிஸ் என்று தெரிந்தது. இரு நோய்க்கும் சேர்த்து மருந்து கொடுத்தோம். சில மாதங்களில் புண் ஆறியது. தழும்பு மட்டும் நிற்கிறது.

அன்பர்களே, கால் புண்ணைக் காட்டப் போனாலும் வயிற்றுக் கோளாறையும் சொல்லுங்கள். குடல் மருத்துவரிடம் தோலையும் காட்டுங்கள். ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்தாதீர்கள். மொழி தடையானால் தெரிந்தவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். கூச்சப்பட்டால் நஷ்டம் நமக்குத்தான்.