டாக்டர் சீட்டுக்கு மூன்று நகல்!

வலியால் துடிக்கிற நோயாளிக்கு டாக்டர் மருந்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். அது டாக்டருக்கும் நோயாளிக்கும் கடைக்காரருக்கும் மட்டும் தெரிந்த சமாசாரம் என்றுதானே நினைப்போம்? அமெரிக்காவில் நியூயார்க் மாநில சர்க்கார் அப்படி விட்டுவிடவில்லை.

1972-ல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். அபின் சத்துள்ள மருந்துகள், மெதடோன், ஆம்பெடமின் போன்றவற்றை எழுதினால் மூன்று நகல் எடுக்க வேண்டும். ஒன்று டாக்டருக்கு; ஒன்று கடைக்காரருக்கு; மூன்றாவது ஆல்பனி நகரிலுள்ள சுகாதார இலாகாவுக்கு! நோயாளியின் பெயர், விலாசம், வயது எல்லாம் அதில் இருக்கும்.

மாதம் சுமார் ஒரு லட்சம் சீட்டுகள் வந்து குவிந்தன. விவரங்களைக் காந்த நாடாவில் பதிந்து, சீட்டுகளை ஐந்து வருஷம் பெட்டக அறையில் பூட்டி வைத்தார்கள். சீட்டுகள் வந்து சேரும் அறையைச் சுற்றிக் கம்பி வேலி, அபாய மணி வேறு! நகைக் கடைக்குக்கூட இத்தனை காவல் உண்டோ என்னவோ.

ஆனாலும் பயம் தெளியவில்லை. போதைக்காரர் என்று பெயர் கெட்டுவிடுமோ என்று அஞ்சிச் சிலர் தேவையான மருந்தையே ஒதுக்கினார்கள். பிள்ளைகளுக்கு மருந்து வாங்கிய பெற்றோருக்கும் அதே கவலை. நோயாளிகளும் டாக்டர்களும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். பெயரை மறைப்பதற்கான வழக்கல்லவா? 'ரோ' என்ற புனைபெயரிலேயே நடந்தது!

கீழ்க் கோர்ட்டில் நோயாளிகளுக்கு ஜெயம். 1977-ல் சுப்ரீம் கோர்ட்டில் சர்க்காருக்கு ஜெயம். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்டீவன்ஸ். வேடிக்கை என்னவென்றால், முதல் இருபது மாதங்களில் அந்தச் சீட்டு மலை உதவியது இரண்டே விசாரணைகளுக்குத்தான்.

அப்படியானால் வீண் வேலையா? அதுதான் இல்லை. 1996-ல் 'ஆக்சிகான்டின்' என்ற வலி மாத்திரை சந்தைக்கு வந்து, பிறகு நாடெங்கும் பலரைப் பலி கொண்டது. மூன்று நகல் கேட்ட ஐந்து மாநிலங்களில் மட்டும் சாவு குறைவு. அந்தத் தொல்லைக்கு அஞ்சி மருந்துக் கம்பெனி அங்கே விளம்பரத்தைக் குறைத்துக்கொண்டதே காரணம் என்று பொருளாதார நிபுணர்கள் பின்னாளில் கண்டார்கள்.

மறுபக்கமும் உண்டு. 1989-ல் வாலியம் வகை மாத்திரைகளையும் நியூயார்க் இந்த வலைக்குள் கொண்டுவந்தது. அவற்றின் விற்பனை சரிந்தது. அவற்றைவிட ஆபத்தான பழைய மருந்துகள் மீண்டும் தலைதூக்கின! காகிதத்துக்கு அஞ்சி டாக்டர் மருந்தை மாற்றினால், அவதிப்படுவது யார்?

2013 ஆகஸ்டு முதல், இத்தகைய மருந்தை எழுதுமுன் மாநிலப் பதிவேட்டைப் பார்த்தாக வேண்டும் என்பது நியூயார்க் விதி. 2016 மார்ச்சிலிருந்து, சில விலக்குகள் தவிர, பேனாவுக்கே வேலையில்லை. சீட்டு கம்ப்யூட்டர் வழியாகவே கடைக்குப் போகிறது.