கோப்பையும் களிப்பும்



டில்லியில் கோடைகாலப் பிற்பகல் என்பது வீட்டினுள் அடைந்து கிடக்க வேண்டிய பொழுது. இவ்வூரார் 'லூ' என்று கூறும் அனல்காற்று வீசும் அவ்வேளையில், நம் குடியிருப்புப் பிள்ளைகள் பலரும் தொலைக்காட்சித் திரையின் முன் அமர்ந்து வீடியோ விளையாட்டில் ஆழ்ந்துவிடுகின்றனர். சென்ற கோடையில் ஒரு நாள், நம் மகன் ஒரே காட்டுப் பாதையில் மீண்டும் மீண்டும் நடந்துகொண்டிருப்பதைக் கண்டு, "இந்த ஆட்டம் இன்னும் முடியவில்லையா?" என்று வினவினோம்.

"ஆட்டம் முடிந்து பத்து நாளாயிற்று, அப்பா. கோப்பைகள்தாம் இன்னும் நான்கு பாக்கி" என்றான்.

"இப்பொழுது ஆடுவது இன்பமாக இருக்கிறதா?"

சற்றே யோசித்தான். "அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் விடவும் மனம் வரவில்லை" என்றான்.

முடிந்துபோன ஆட்டத்தை அலுப்போடு ஆடச் செய்யும் அந்தக் கோப்பைதான் யாது? அது விளையாட்டின் களிப்பைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா? இவ்வினாவையே இன்று ஆராயப் புகுகின்றோம்.

கோப்பை என்றதும் பள்ளி ஆண்டு விழாவில் கையில் வாங்கும் வெள்ளிக் கிண்ணத்தை நினைத்தல் வேண்டா. இது திரையிலே தோன்றும் ஒரு சிறு சித்திரம், அவ்வளவே. ஆட்டத்தை உருவாக்குவோர், 'இந்த மலையின் உச்சியை அடைக', 'நூறு பகைவரை வெல்க', 'ஒரு முறையும் அடிபடாமல் இந்தக் கட்டத்தைக் கடக்க' என்றாற்போலச் சில செயல்களை முன்னரே குறித்து வைக்கின்றனர். ஆடுபவர் அச்செயலைச் செய்து முடித்த கணத்தில் ஓர் ஒலி எழும்பும். திரையின் ஓரத்தில் ஓர் அறிவிப்புத் தோன்றும். அவர் பெயரில் உள்ள கணக்கில் அது பதிவாகிவிடும். ஒரு கருவியில் இதற்குச் 'சாதனை' என்று பெயர். மற்றொன்றில் 'கோப்பை' என்று பெயர்.

இவ்வழக்கம் தோன்றிய வரலாறு சுவையானது. 1980களின் தொடக்கத்தில் அட்டாரி என்னும் கருவிக்கு ஆட்டங்கள் தயாரித்த ஆக்டிவிஷன் நிறுவனம், ஒரு புதுமையைச் செய்தது. 1982இல் வெளிவந்த 'பிட்ஃபால்' என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். காட்டினுள் ஓடி, குழிகளையும் முதலைகளையும் தாண்டிப் புதையல் திரட்டும் ஆட்டம் அது. அதற்கு உரிய நேரம் 20 நிமிடம். அதில் 20,000 புள்ளி பெற்றவர், தம் தொலைக்காட்சித் திரையைப் புகைப்படம் எடுத்து நிறுவனத்துக்குத் தபாலில் அனுப்பலாம். நிறுவனம் அதைப் பார்த்து, சட்டையில் தைத்துக்கொள்ளத்தக்க துணிச் சின்னம் ஒன்றை அனுப்பி வைக்கும். படச்சுருளைக் கழுவி, தபாலில் சேர்த்து, விடைக்குக் காத்திருந்த அக்காலத்துச் சிறுவனுக்கு அச்சின்னம் எத்துணைப் பெருமையாக இருந்திருக்கும் என்பதை நாம் எளிதில் உணரலாம்.

பின்னர் இணைய இணைப்பு வந்தது. தபாலுக்கு வேலை இல்லாது போயிற்று. 2005ஆம் ஆண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் 360, சாதனைகளை எல்லா ஆட்டங்களுக்கும் பொதுவான ஏடாக ஆக்கியது. கடையில் விற்கும் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் 1,000 புள்ளி. அவையெல்லாம் ஒரே கணக்கில் கூடும். கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் என்னும் தளம் 2007இல் இம்முறையைக் கைக்கொண்டது. சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 3 கருவிக்கு 2008ஆம் ஆண்டு ஜூலையில் கோப்பைகள் வந்தன. வெண்கலம், வெள்ளி, தங்கம் எனப் படிகள் மூன்று. ஓர் ஆட்டத்தின் கோப்பைகள் அனைத்தையும் பெற்றவருக்குப் பிளாட்டினம் என்னும் முடிவான கோப்பை ஒன்று.

இனி, இவை இன்பம் தருகின்றனவா என்பதைப் பார்ப்போம். தருகின்றன என்பதற்கு ஒரு சான்று. 2007இல் வெளிவந்த 'ஹாஃப் லைஃப் 2: எபிசோட் டூ' என்னும் ஆட்டத்தின் தொடக்கத்தில், தோட்டத்தில் வைக்கும் குள்ளன் பொம்மை ஒன்று கிடக்கும். கதைக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் அதை ஆட்டத்தின் இறுதிப் பகுதி வரையில் சுமந்து சென்று, விண்ணில் ஏவப்படவிருக்கும் ராக்கெட்டினுள் வைத்தால் ஒரு சாதனை உண்டு. பகைவர் துரத்தும் வேளையில், மேற்கூரையற்ற வண்டியிலிருந்து அப்பொம்மை துள்ளி விழும்; வண்டியை நிறுத்தி அதைத் தேடி எடுக்க வேண்டும். முன்னர் ஆடி முடித்த அதே பாதை, அப்பொம்மையால் வேறொரு கதையாகிவிடுகிறது. அவ்வாறு சுமந்தவர்கள் அதனைப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் நகைத்து நகைத்துச் சொல்வதுண்டு. இங்கே சாதனை ஒரு நல்ல தோழனைப் போல, 'இப்படியும் ஆடிப் பார்க்கலாமே' என்று யோசனை கூறுகிறது.

எதிர்ப் பக்கத்துக்கும் சான்று உண்டு. அதே 2007இல் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கு வந்த 'அவதார்: தி பர்னிங் எர்த்' என்னும் ஆட்டத்தில், முதற் சில நிமிடங்களுக்குள்ளாகவே ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தி 1,000 புள்ளியையும் பெற்றுவிடலாம் என்பது வெளிப்பட்டது. ஆட்டத்தில் விருப்பம் இல்லாதோரும் புள்ளிக்காகவே அதைத் தேடினர். புள்ளி கைக்கு வந்தது, ஆட்டம் ஆடப்படவில்லை. உணவு விடுதிக்குச் சென்று, உண்ணாமல் ரசீதை மட்டும் வாங்கி வருவதை ஒத்தது இது.

பரிசுக்கும் விருப்பத்துக்கும் உள்ள இத்தொடர்பை, வீடியோ விளையாட்டுப் பரவுமுன்பே உளநூலார் சோதித்திருக்கின்றனர். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்னும் மூவர், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உள்ள மழலையர் பள்ளி ஒன்றில் செய்த சோதனை 1973இல் வெளியாயிற்று. இயல்பாகவே சித்திரம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளை அவர்கள் தேர்ந்து, மூன்று பிரிவாக்கினர். 'வரைந்தால் பொன்முத்திரையும் நாடாவும் கொண்ட நற்சான்றிதழ் தருவோம்' என்று ஒரு பிரிவினரிடம் முன்கூட்டியே கூறினர். இரண்டாம் பிரிவினருக்கு ஒன்றும் கூறாமல், வரைந்த பிறகு எதிர்பாராத வகையில் அதே சான்றிதழை அளித்தனர். மூன்றாம் பிரிவினருக்குப் பரிசே இல்லை.

சில நாள் கழித்து, வகுப்பில் வண்ணப் பேனாக்களை வைத்துவிட்டு, யார் தாமாகவே வரைகின்றனர் என்று மறைந்திருந்து நோக்கினர். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள், மற்ற இரு பிரிவினர் செலவிட்ட நேரத்தில் ஏறத்தாழப் பாதியே வரைவதில் செலவிட்டனர். எதிர்பாராமல் பரிசு பெற்றோரிடம் அக்குறைவு காணப்படவில்லை. ஆதலின், கேடு பரிசுப் பொருளில் இல்லை. 'இதற்காகவே இதைச் செய்கிறேன்' என்ற எண்ணத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

இம்முடிவை எல்லா அறிஞரும் ஒரு முகமாக ஏற்றனர் என்று கூறுவதற்கில்லை. நெடுங்காலம் வாதம் நடந்தது. எட்வர்ட் டெசி முதலிய மூவர் 128 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட முடிவு, முன்கூட்டி வாக்களிக்கப்பட்ட பொருட்பரிசு இயல்பான ஆர்வத்தைக் குறைப்பதாகவும், பாராட்டுச் சொல் பெரும்பாலும் ஆர்வத்தை வளர்ப்பதாகவும் காட்டியது. முதலிலிருந்தே விருப்பமில்லாத வேலையில் பரிசு செய்யும் கேடு சொற்பம் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். இல்லாத ஆசையைக் குறைக்க இயலாதன்றோ?

இவ்வளவையும் வைத்து நோக்குமிடத்து, கோப்பைகளுக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. நாம் தானே நினைத்திராத ஒரு வழியை அது காட்டினால், அல்லது செய்து முடித்த அரிய செயலைப் பின்னர் வந்து பாராட்டினால், களிப்புக் கூடுகிறது. பட்டியலை முதலிலேயே கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அடித்துவிடுவதற்காக ஆடத் தொடங்கினால், ஆட்டம் அலுவலகக் கோப்பாகிவிடுகிறது. ஆடு புலி ஆட்டத்தில் புலியை மடக்கியவருக்கு யார் கோப்பை கொடுத்தார்? புலி நகர இடமின்றி நின்றதே அவருக்குப் போதுமாயிருந்தது.

இதை ஆட்டம் செய்வோரும் அறியாமல் இல்லை. நின்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் கருவி 2017இல் வந்தபோது, அதில் பொதுவான கோப்பை ஏடு வைக்கப்படவில்லை. அவ்வாண்டே அந்நிறுவனம் வெளியிட்ட 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' என்னும் ஆட்டத்தில், பரந்த நிலமெங்கும் 900 விதைகள் ஒளிந்திருக்கின்றன. அத்தனையையும் தேடிக் கொணர்ந்தவருக்குக் கிடைக்கும் பரிசு, சாணக் குவியலைப் போன்ற பொன்னிறப் பொருள் ஒன்று! தேடுகையில் கண்ட மலையும் ஆறுமே பரிசு என்று அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டனர் எனக் கொள்ளலாம்.

வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இது விளையாட்டோடு முடிகிற செய்தியன்று. நம் வீட்டுக் கதையையும் ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். மகன் இந்தியும் ஆங்கிலமும் பயிலும் ஊரில் தமிழை மறந்துவிடலாகாதே என்ற கவலையால், தமிழ்க் கதைப் புத்தகத்தில் ஒரு பக்கம் படித்தால் ஐந்து ரூபாய் என்று ஏற்பாடு செய்திருந்தோம். நாள்தோறும் பக்கங்கள் புரண்டன. கதை என்ன என்று கேட்டால் விடை இராது. எத்தனை பக்கம் என்றால் உடனே வரும். ஒரு மாதம் நாம் பணியின் நிமித்தம் வெளியூர் சென்றிருந்தோம். திரும்பி வந்து பார்க்கையில், புத்தகம் வைத்த இடத்திலேயே, வைத்த பக்கத்திலேயே இருந்தது. கோப்பைப் பட்டியலை நம் வீட்டினுள் கொண்டு வந்தவர் நாமே என்பது அன்றுதான் விளங்கியது. பகலெல்லாம் மொழிபெயர்ப்பில் கழிக்கும் நமக்கு, பக்கக் கணக்கைக் காட்டிலும் ஒரு சொல் சரியாக வந்து அமையும் கணமே இன்பம் என்பது தெரிந்திருந்தும் அப்பிழை நேர்ந்தது.

ஆகவே, சில எளிய வழிகள். கருவியின் அமைப்புப் பகுதியில் கோப்பை அறிவிப்புகளை நிறுத்தி வைக்க இயலும். முதன்முறை ஆடுகையில் அவ்வாறு செய்யலாம். ஆட்டம் முடிந்த பிறகு பட்டியலைத் திறந்து, ஆவலைத் தூண்டுவன எவையோ அவற்றை மட்டும் மேற்கொள்ளலாம். அலுப்புத் தட்டுமாயின் நிறைவுறாத பட்டியலை அப்படியே விட்டுவிடலாம், அதனால் குறைவொன்றுமில்லை. பெற்றோரும் "எத்தனை கோப்பை?" என்று கேட்பதை விடுத்து, "அந்தக் காட்டுக்கு அப்பால் என்ன இருந்தது?" என்று கேட்கலாம்.

நம் வீட்டில் ஐந்து ரூபாய் ஏற்பாடு நின்றுவிட்டது. இப்பொழுது இரவில் நாமே கதையைப் படிக்கிறோம். சுவையான இடத்தில் நிறுத்திவிட்டு, விளக்கை அணைக்காமல் எழுந்து வருகிறோம். சில இரவுகளில் புத்தகம் மூடியே கிடக்கிறது. சில இரவுகளில் அடுத்த அறையிலிருந்து பக்கம் புரளும் ஓசை கேட்கிறது.