அழிந்த எண்ணும் அசல் காரும்

பழைய ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ வாங்கிப் பெயர் மாற்றம் செய்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். வண்டியில் பொறிக்கப்பட்டுள்ள எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் இலேசாகத் தேய்த்தால், எண்கள் தாளில் வெள்ளையாக எழுந்து வரும். அந்தத் தாளை விண்ணப்பத்தில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நான் விலை பேசிய ஒரு ஸ்கூட்டரில் இவ்வாறு தேய்த்துப் பார்த்தேன். சேசிஸ் எண் ஒழுங்காக வந்தது. எஞ்சின் எண் இருக்க வேண்டிய இடத்திலோ வழுவழுப்பான உலோகம் மட்டுமே இருந்தது. "பழைய வண்டி சார், தேய்ஞ்சு போயிருக்கும்" என்றார் விற்க வந்தவர். அரம் படாமல் அவ்வளவு சமமாக உலோகம் தேயாது. கொடுத்த முன்பணத்தை மறந்துவிட்டுத் திரும்பினேன்.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவன் கேட்டான்: "அழித்த எண்ணைத் திரும்பப் படிக்க முடியாதா, சார்?" முடியும். எப்படி என்பதைச் சொல்ல, இத்தகைய எண்களுக்காகப் பெரும் பணம் கைமாறும் ஓர் உலகத்திற்கு வாசகர்களை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. அது அமெரிக்காவின் 'மஸில் கார்' உலகம்.

'மஸில்' என்றால் தசை. நடுத்தர அளவுள்ள, அதிக விலையில்லாத ஒரு காரில் மிகப் பெரிய எஞ்சினைப் பொருத்தினால் கிடைப்பதே மஸில் கார். அந்த மோகத்தைத் தொடங்கி வைத்ததாகப் பெரும்பாலோர் கருதுவது 1964ஆம் ஆண்டு மாடலான பான்டியாக் ஜி.டி.ஓ. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் அப்போது ஒரு விதி இருந்தது. பான்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும் விதியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். 389 கன அங்குல எஞ்சினைப் புதுக் காராக அறிவிக்காமல், இருக்கின்ற டெம்பெஸ்ட் லீ மான்ஸ் காருக்கு 'விருப்பப் பொருளாக' விற்றார்கள். முதலாண்டிலேயே 32,450 கார்கள் விற்றன. அந்தச் சிறு தந்திரம் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் தலைவலியாக இருக்கிறது. ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடரின் பழைய எஞ்சினின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். திறன் 50 குதிரைத்திறனை ஒட்டியது. 1970ஆம் ஆண்டு ஷெவர்லே ஷெவல் எஸ்.எஸ். காருக்குக் கிடைத்த எல்.எஸ்.6 என்ற எஞ்சினின் கொள்ளளவு 454 கன அங்குலம், அதாவது 7.4 லிட்டர். நிறுவனம் அறிவித்த திறன் 450 குதிரைத்திறன். இந்த எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். அக்காலத்தில் எஞ்சினைக் காரிலிருந்து தனியே நிறுத்தி, காற்று வடிகட்டி, ஒலியடக்கி போன்ற சுமைகளை நீக்கிவிட்டுத் திறனை அளந்தார்கள். இது மொத்தத் திறன். காரில் இருப்பது போலவே எல்லாம் பொருத்தி அளப்பது நிகரத் திறன். 1971இல் ஷெவர்லேயின் 350 கன அங்குல எல்.டி.1 எஞ்சினின் மொத்தத் திறன் 330; அதே எஞ்சினின் நிகரத் திறன் 275. எஞ்சினில் ஒரு திருகாணிகூட மாறவில்லை, அளக்கும் முறைதான் மாறியது. 1972 மாடல்களிலிருந்து அமெரிக்க நிறுவனங்கள் நிகரத் திறனையே அறிவித்தன. அதற்குள் மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டமும் காப்பீட்டுக் கட்டணமும் இக்கார்களின் கழுத்தை நெரிக்கத் தொடங்கிவிட்டன. 1973இன் எண்ணெய் நெருக்கடி மிச்சத்தை முடித்தது.

கார்கள் நின்றுபோயின, விலை ஏறியது. 1971ஆம் ஆண்டு பிளிமத் ஹெமி குடா என்ற கூரை மடக்கும் கார் பத்துப் பன்னிரண்டு மட்டுமே செய்யப்பட்டது. அவற்றுள் ஒன்று 2014இல் சியாட்டில் நகர ஏலத்தில் 35 இலட்சம் டாலருக்குப் போயிற்று. சாதாரண எஞ்சினுடன் வந்த அதே உடலமைப்புள்ள காருக்கு இதில் ஒரு சிறு பங்குகூடக் கிடைக்காது. வெளித்தோற்றம் ஒன்றே, எஞ்சின்தான் வேறு. எஞ்சினையோ ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம். போலி பிறக்க வேறென்ன வேண்டும்?

எண்ணைப் படிப்பது எப்படி?

ஒவ்வொரு காருக்கும் ஓர் அடையாள எண் உண்டு. இன்று உலகெங்கும் வழங்கும் 17 இலக்க முறை 1981 மாடல்களில்தான் அமெரிக்காவுக்கு வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு வழக்கம். 1970ஆம் ஆண்டு ஷெவலின் எண் '136370கே' என்று தொடங்குகிறது என்று கொள்வோம். முதல் 1 ஷெவர்லே நிறுவனம். 36 என்பது எட்டு சிலிண்டர் மாலிபு வகை. 37 இரண்டு கதவுள்ள உடல். 0 என்பது 1970. 'கே' கன்சாஸ் நகரத் தொழிற்சாலை. அதற்குப் பின் வருவது வரிசை எண். எட்டு சிலிண்டர் என்று தெரிந்ததே தவிர, அது 307 கன அங்குல எஞ்சினா, 454ஆ என்பது இதில் எங்கும் இல்லை! எஸ்.எஸ். என்பதும் அந்த ஆண்டு விருப்பப் பொருள்தான். 1964, 1965 ஜி.டி.ஓ. கார்களின் கதையும் இதுவே. டிலோரியனின் தந்திரத்தால் அவற்றின் எண் வெறும் லீ மான்ஸ் அல்லது டெம்பெஸ்ட் என்றுதான் சொல்லும். கிரைஸ்லர் நிறுவனம் இவ்வகையில் நல்ல பிள்ளை. அதன் எண்ணில் ஐந்தாவது எழுத்தே எஞ்சினைக் காட்டிவிடும். 1970, 1971 கார்களில் அங்கே 'ஆர்' என்றிருந்தால் 426 கன அங்குல ஹெமி.

ஆகவே ஷெவர்லே வாங்குபவர் எஞ்சினையே விசாரிக்க வேண்டும். வலப்பக்கச் சிலிண்டர் தலைக்கு முன்னால், வார்ப்பிரும்புக் கட்டையின் மேல் தீப்பெட்டியை விடச் சற்று நீளமான சமதளம் ஒன்று உண்டு. அதில் இரண்டு செய்திகள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்று, காரின் அடையாள எண்ணின் பிற்பகுதி. மற்றொன்று 'டி0115சி.ஆர்.வி.' என்பது போன்ற குறி: டோனவாண்டா தொழிற்சாலை, ஜனவரி 15, நான்கு கியர் வண்டிக்கான எல்.எஸ்.6. இவையன்றி, கட்டை வார்க்கப்பட்ட நாளும் வார்ப்பிலேயே புடைத்து நிற்கும். ஜனவரிக்கு 'ஏ', பிப்ரவரிக்கு 'பி' என்று மாதங்களுக்கு எழுத்துகள்.

இங்கே ஓர் எளிய தருக்கம் உதவுகிறது. கட்டையை வார்த்த பிறகே எஞ்சினைப் பூட்ட முடியும்; எஞ்சினைப் பூட்டிய பிறகே காரில் ஏற்ற முடியும். கார் உடல் கட்டிய மாதமும் வாரமும் எஞ்சின் அறைச் சுவரில் உள்ள தகட்டில் இருக்கிறது. கார் ஜனவரி மூன்றாம் வாரம், எஞ்சின் வார்த்தது மார்ச் என்றால், குழந்தைக்குப் பின் தாய் பிறந்த கதைதான். பல மாதங்கள் முந்தியிருந்தாலும் ஐயப்பட வேண்டும்.

போலி செய்பவருக்கும் இந்தத் தருக்கம் தெரியும். ஆகவே நாள் பொருந்தும் ஒரு கட்டையைத் தேடிப் பிடித்து, சமதளத்தில் இருக்கும் எண்ணை இழைத்து நீக்கிவிட்டு, வேண்டிய எண்ணைப் புதிதாகப் பொறிக்கிறார். சாதாரண 454 எஞ்சினுக்கும் எல்.எஸ்.6க்கும் கட்டையின் வார்ப்பு எண் ஒன்றே என்பது அவருக்கு இன்னொரு வசதி. அவரைக் காட்டிக் கொடுப்பது எண்கள் அல்ல, எண்களுக்குப் பின்னால் உள்ள கீறல்கள். தொழிற்சாலையில் அந்தத் தளத்தைச் சீர்செய்த வெட்டுக்கருவி நேர்கோட்டில் ஓடியது. அதனால் எஞ்சினின் நீளவாக்கில் நுண்ணிய இணைகோடுகள் விழுந்தன. பட்டறையில் சுழலும் கருவியால் இழைத்தால் கோடுகள் வளைந்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் கோடுகளே இருக்கா. நல்ல வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சி, உருப்பெருக்கியால் பார்த்தால் போதும். ஆனால் கோடுகள் இல்லாததே குற்றத்திற்குச் சான்றாகிவிடாது. நேர்மையான மெக்கானிக்கும் எஞ்சினைப் புதுப்பிக்கும்போது கசிவைத் தடுக்க அதே தளத்தை இழைப்பதுண்டு.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். உலோகத்தின் அணுக்கள் படிகங்களாக ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. எஃகு அச்சை வைத்துச் சம்மட்டியால் அடிக்கும்போது பள்ளம் மட்டும் விழுவதில்லை. பள்ளத்தின் அடியிலும் அணுவரிசைகள் நழுவிக் கலைகின்றன. இந்தக் கலக்கம் கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தை விட ஆழமாகப் போகிறது. எண்ணை அரத்தால் ராவியவர் பள்ளத்தின் அடிவரை ராவுகிறார். கலக்கம் கீழே எஞ்சியிருப்பதை அறியார். நழுவிக் கலைந்த பகுதியில் ஆற்றல் கூடுதலாகச் சேமிக்கப்பட்டிருப்பதால், அமிலம் அதை விரைவில் அரிக்கும். எனவே தளத்தை மெருகேற்றி, செம்பு குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவித் துடைத்துக் கொண்டிருந்தால், மறைந்த எண் மங்கலாகத் தோன்றும். குற்றவியல் ஆய்வுக்கூடங்களில் எஃகுக்கு இது வழக்கமான சோதனை. வார்ப்பிரும்பில் வெற்றி குறைவு. கிராஃபைட் செதில்கள் நிறைந்த நொறுங்கும் பொருளாதலால், அடியின் கலக்கம் அதில் ஆழமாக இறங்குவதில்லை. (என் ஸ்கூட்டர்க்காரரின் எஞ்சின் உறை அலுமினியம். அதற்குக் கரைசல் வேறு, தத்துவம் இதுவே.)

காரின் அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் அமெரிக்காவில் 1984 முதல் மத்தியச் சட்டப்படி குற்றம். எஞ்சின் கட்டையில் புதிதாக எண் பொறிப்பதை மட்டும் 'புதுப்பித்தலின் ஒரு பகுதி' என்று சிலர் வாதிடுகிறார்கள். வாங்குபவரிடம் சொல்லிவிட்டுச் செய்தால் இருக்கலாம். சொல்லாமல் செய்தால் அது கள்ளக் கையெழுத்தே என்பது என் கருத்து.

காந்தமும் துருவும்

உடலைச் சோதிக்க விலை குறைந்த கருவி ஒரு காந்தம். துருப்பிடித்த பகுதியை வெட்டாமல் பிசின் கூழை அப்பி, மேலே வண்ணம் அடித்துவிடுவது உலகெங்கும் உள்ள பழக்கம். காந்தத்தின் ஈர்ப்பு தூரத்துடன் மிக விரைவாகக் குறைவதால், வண்ணத்தின் மேல் இறுக ஒட்டும் காந்தம் கூழின் மேல் வழுக்கி விழும். கீறாமலிருக்க மெல்லிய துணியில் சுற்றிக் கொள்வது நல்லது. ஓர் எச்சரிக்கை: கூரையும் பின்பக்கத் தகடும் கூடும் இணைப்பை அக்காலத் தொழிற்சாலைகளே ஈயத்தால் நிரப்பின. அங்கே காந்தம் ஒட்டாவிட்டால் கார் அசல் என்று மகிழவும் இடமுண்டு! கார்வெட் காரிடம் காந்தத்தைக் கொண்டு போகவே வேண்டாம். அதன் உடல் கண்ணாடி இழை.

மீட்பு வேலையில் பெரும்பகுதி துருவுடன் நடக்கும் போராட்டம். பெரிய பகுதிகளை மணல் பீய்ச்சித் துடைப்பார்கள். ஆனால் மெல்லிய தகடு அதில் நெளிந்துவிடும். சிறு உறுப்புகளுக்கு மின்பகுப்பு மிக நயமான வழி. இதைக் கல்லூரி ஆய்வகத்திலேயே ஒரு துருப்பிடித்த கீலைக் கொண்டு செய்து பார்க்கலாம். பிளாஸ்டிக் வாளி நீரில் சிறிது சலவைச் சோடாவைக் கரையுங்கள். கீலை 12 வோல்ட் நேர்மின்னோட்ட மூலத்தின் எதிர்முனையிலும், ஓர் இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிடுங்கள். கீலின் மேல் ஹைட்ரஜன் குமிழ்கள் எழும்பித் துருவைத் தளர்த்தும். துருவில் ஒரு பகுதி கறுப்பு ஆக்சைடாக மாறும். சில மணி நேரத்தில் பிரஷ்ஷால் தேய்த்தாலே உதிர்ந்துவிடும். நல்ல இரும்பு கரைவதில்லை என்பதே இதன் சிறப்பு. காற்றோட்டமான இடத்தில், தீப்பொறி நெருங்காமல் செய்ய வேண்டும். நேர்முனையில் எவர்சில்வர் வைக்கவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாகக் கரைந்து வரும். சுருள்வில்களையும் இதில் போடக்கூடாது. கடினமான எஃகு ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை அடைகிறது.

துரு போனாலும் பெட்ரோல் தொல்லை இருக்கிறது. எல்.எஸ்.6இன் அழுத்த விகிதம் 11.25. அந்த அழுத்தத்தில் பெட்ரோல் முன்கூட்டியே வெடித்து 'நாக்' செய்யாமலிருக்க, அன்று ஈயச் சேர்மம் கலந்தார்கள். அந்த ஈயமே வால்வு இருக்கைகளின் மேல் படிந்து தேய்மானத்தையும் தடுத்தது. 1996 முதல் அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் தடை செய்யப்பட்டுவிட்டது. காரை உண்மையில் ஓட்ட நினைப்பவர் கடினமான எஃகு இருக்கைகளைப் பொருத்துகிறார். சிலர் பிஸ்டனை மாற்றி அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். வெளியே எதுவும் தெரியாது. அப்படியானால் அந்த எஞ்சின் அசலா? சேகரிப்பவர்கள் இன்னும் சண்டையிட்டுக் கொண்டிருக்கிறார்கள்.

வண்ணமும் சாட்சி சொல்லும். ஜெனரல் மோட்டார்ஸ் அக்காலத்தில் அக்ரிலிக் லாக்கர் வகை வண்ணத்தைப் பயன்படுத்தியது. இன்றைய இரட்டைக் கலவை வண்ணம் அதைவிட ஆழமாகப் பளபளக்கிறது. கண்ணாடி போல் மின்னும் 1970ஆம் ஆண்டுக் காரைக் கண்டு, அனுபவசாலிகள் முகத்தைச் சுளிப்பதுண்டு. மறைவான மூலையில் ஓரிடத்தைச் சாய்வாகத் தேய்த்தால், மரத்தின் ஆண்டு வளையங்கள் போல வண்ண அடுக்குகள் தெரியும். அடியில் வேறு நிறம் இருந்தால் கேள்வி கேட்க வேண்டியதுதான்.

இத்தனைக்குப் பிறகும் காகிதத்திற்கு ஈடில்லை. பான்டியாக் கார்களின் பட்டியல் விவரங்கள் நுண்படச் சுருள்களில் தப்பிப் பிழைத்ததால், முதல் ஜி.டி.ஓ.க்களைக்கூட இன்று உறுதி செய்ய முடிகிறது. ஃபோர்டுக்கும் 1967 முதலான பதிவுகள் உண்டு. அமெரிக்காவில் கட்டிய ஷெவர்லே கார்களுக்குத்தான் அத்தகைய பொதுப் பதிவு கிடைப்பதில்லை. அங்கே ஒரே நம்பிக்கை, தொழிலாளர்கள் பார்த்துப் பூட்டுவதற்காக அச்சிட்டு, வேலை முடிந்ததும் காரிலேயே விட்டுவிட்ட தாள். ஷெவலில் அது பெரும்பாலும் பெட்ரோல் தொட்டியின் மேற்புறத்தில், அடித்தளத்திற்கும் தொட்டிக்கும் இடையே செருகப்பட்டிருக்கும். ஆகவே விவரமறிந்தவர்கள் அத்தகைய காரை வாங்கியதும் தொட்டியை மெல்லக் கீழே இறக்குகிறார்கள். சில நேரம் அங்கே துருக்கறை படிந்த ஒரு தாள் இருக்கிறது. பல நேரம் எலி கடித்த ஓரங்கள் மட்டுமே இருக்கின்றன.