இரா உணவும் தீக்கனவும்

பொல்லாத கனவு கண்டு நள்ளிரவில் திடுக்கிட்டு எழுந்தவர், விடிந்ததும் தேடுவது சாத்திரியாரை. சனி மாற்றமோ, கண்ணூறோ, ஊர்க் கோயிலுக்கு வைத்த நேர்த்தி தவறியதோ என்று மனம் அலைகிறது. கோயிலுக்குச் சென்று அர்ச்சனை செய்வது நன்றே. ஆயினும் முதல்நாள் இரவு என்ன உண்டோம், எத்தனை மணிக்கு உண்டோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கனடாவில் இதுபற்றிய ஆய்வொன்று 2025ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மொன்றியால் பல்கலைக்கழகக் கனவு ஆராய்ச்சியாளர் நீல்சனும் அவர்தம் குழுவினரும் எட்மன்டன் நகரிலுள்ள மக்யூவன் பல்கலைக்கழகத்தின் மாணவர் 1,082 பேரிடம் வினாக்கள் விடுத்தனர். உணவு தம் உறக்கத்தைப் பாதிக்கிறது என்றோர் ஏறத்தாழ 40 சதவீதம். கனவையே மாற்றுகிறது என்றோர் 5.5 சதவீதம். இவர்கள் பெரிதும் குறை கூறியது இனிப்பையும் பாலுணவையும். பாலிலுள்ள லக்டோஸ் என்னும் சர்க்கரை செரியாதவரிடையே தீக்கனவு கூடுதலாகக் காணப்பட்டது. வயிற்றுப் பொருமலும் வலியும் இதற்குக் காரணமாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து. வினாவிடை ஆய்வு ஆதலால் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

எனினும் நம்மவர் இதனைக் கவனித்தல் தகும். குழந்தைப் பருவத்தில் பால் செரித்தவருள்ளும் பலர், வளர்ந்தபின் அத்திறனை இழக்கின்றனர். தெற்காசிய மக்களிடையே இது சாதாரணம். படுக்கப்போகும்போது ஒரு கோப்பை பால் என்ற வழக்கம் எல்லோர்க்கும் ஒத்துவராது. புளித்த தயிரில் லக்டோஸ் சற்றுக் குறைவு.

வயிற்றுக்கும் கனவுக்கும் என்ன தொடர்பு? கனவு மிகுந்த உறக்கநிலை, சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, விடியும் வேளையில் நீள்கிறது. இடையில் விழிப்பவருக்கே கனவு நன்கு நினைவில் நிற்கும். நிறைந்த வயிற்றோடு படுத்தால் அமிலம் மேலெழுந்து நெஞ்செரிவு உண்டாகும், விழிப்பும் வரும். உறைப்பும் உறக்கத்தைக் குலைக்கும். 1992இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், இரவுணவோடு மிளகாய்ச் சாறும் கடுகும் உண்ட இளைஞர் அறுவருக்கு உடற்சூடு ஏறி, ஆழ்ந்த உறக்கம் குறைந்தது.

இரண்டாம் வேலைமுறை முடித்து இரவு 11 மணிக்கு வீடு திரும்பி, பிட்டும் பொரித்த கத்தரிக்காய்க் குழம்பும் வயிறார உண்டு, உடனே படுக்கைக்குச் செல்வோர் நம்மிடையே பலர். எண்ணெய் மிகுந்த உணவு இரைப்பையை விட்டு நீங்க நேரமெடுக்கும். இவர்கள் பெரிய சாப்பாட்டை வேலைக்குச் செல்லுமுன் முடித்து, திரும்பியபின் இடியப்பமும் சொதியும் போன்ற இலகுவான உணவைச் சிறிதளவு கொள்ளலாம். இயன்றவரை உணவுக்கும் படுக்கைக்கும் 2 முதல் 3 மணி நேர இடைவெளி நல்லது. கோப்பி, தேநீரை மாலையோடு நிறுத்துவது உத்தமம்.

நீரிழிவு நோயாளர் மட்டும் இதனைக் கேட்டு இரா உணவைக் கைவிடலாகாது. இன்சுலின் ஏற்றுவோரும் சிலவகை மாத்திரை எடுப்போரும் உண்ணாது உறங்கினால் இரத்தத்தில் சீனி அளவு மிகத் தாழக்கூடும். வியர்வையில் நனைதல், தீக்கனவு, காலையில் தலையிடி ஆகியவை அதன் அறிகுறிகள். வீட்டார் இதனைக் கெட்ட சகுனமென்று விபூதி பூசிப் படுக்கவைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே இரத்தத்தைச் சோதித்து, சீனி குறைந்திருப்பின் இனிப்புப் பானம் கொடுத்தல் வேண்டும். மயங்கியவருக்கு வாயால் எதுவும் கொடாது அவசர உதவியை அழைக்கவேண்டும். கந்தசஷ்டி போன்ற விரதங்களை மருத்துவரைக் கேட்டே அனுட்டிக்கவேண்டும்.

மிதமிஞ்சி உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்பது கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் காட்டும் நெறி. உறக்கத்துக்கும் அங்கே அதே அளவுகோல்தான். அளவறிந்து உண்டு, இறைவனை நினைந்து கண்ணயர்வோமாக.